இரண்டு மாதத்துக்கு மட்டும் முடிவெடுங்கள்

வந்த கடிதம்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு தாய், கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். தம்பியோடு கூட்டாக ஒரு நாட்டுப்படகும் உண்டு. மூத்தவன் ஐந்து வயதுப் பையன். இளையவள் பிறந்து பதினேழு மாதம் ஆகிறது. சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை, நடையை விட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்க ஆரம்பித்தாள். காலையில் கண் விழித்ததும் வாந்தி. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “உரம் விழுந்திருக்கு” என்று உரம் எடுத்தார்கள்; பிறகு ஒரு பாட்டியிடம் தொக்கம் எடுத்தார்கள். ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு குழந்தை மருத்துவர் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார். சிறுமூளையில் கட்டி.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்து பதினாறு நாள் ஆகிறது. கட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மூளைத்தண்டை ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள். தலையில் தேங்கிய நீர் வயிற்றுக்கு இறங்க ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். முதுகுத்தண்டு ஸ்கேனில் பரவல் இல்லை. திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஏ.டி.ஆர்.டி., கிரேடு 4, ஐ.என்.ஐ.1 இழப்பு’ என்று இருக்கிறது. ஏ.டி.ஆர்.டி. என்பது சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஒரு மூர்க்கமான மூளைக்கட்டி. புற்றுநோய் மருத்துவர் சொன்னதை அந்தத் தாயின் வார்த்தையிலேயே தருகிறேன்: “பத்துக்கு மூணு நாலு புள்ளைக தேறும்கிறாக. மருந்து ரொம்பக் கடுமையா இருக்குமாம். ஒரு வாரத்துல முடிவு சொல்லச் சொல்லிட்டாக.”

அந்த ஒரு வாரத்தில் வீடு நாலாகப் பிரிந்துவிட்டது. மாமியார், இவருக்குச் சொந்த அத்தை, “ஏர்வாடியில போயி நாப்பது நாள் கெடப்போம், என் பேத்தியை இனிமே அறுக்கவும் குத்தவும் விடமாட்டேன்” என்கிறார். கொழுந்தன், “படகை வித்துட்டு மெட்ராசுக்குக் கொண்டுபோயி புரோட்டான் வைப்போம்” என்கிறார்; அது ஒரு வகைக் கதிர்வீச்சு. பக்கத்து வீட்டில், நித்தியகல்யாணியை வேரோடு பிடுங்கிக் கஷாயம் போடச் சொல்கிறார்கள். கணவர், “நீ என்ன சொல்றியோ அதுதான்” என்று கடலுக்குப் போய்விடுகிறார். இதற்கு நடுவில் இந்தப் பெண் இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? ஒரு மாதம் உரம் எடுக்க அலைந்து நான்தான் முற்ற விட்டேனா? நாலாவது ஸ்டேஜ் என்றால் கடைசிக் கட்டம்தானே? நாலைந்து வருடம்தான் உயிரோடு இருக்கும் என்றால் இவ்வளவு சித்திரவதை எதற்கு? மூத்தவன் எலும்பு மஜ்ஜை கொடுக்க வேண்டுமா? கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த பிள்ளையை வயிற்றுப்பிள்ளைக்காரி தொடலாமா? வயிற்றில் இருப்பதற்கும் வருமா?

பதில்

அன்புச் சகோதரிக்கு,

இது இங்கே வெளியாகும் வரை காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை என்பதால், முக்கியமானதை முன்பே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். உங்களைப் போன்ற வேறு பெற்றோருக்கும் உதவும் என்று முழுவதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் மகளையும் அவள் ஸ்கேன் படங்களையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பேசுகிறேன்; மருந்தும் அளவும் தேதியும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

கடிதத்தில் அதிக இடத்தை உரம் எடுத்த கதைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் அதையே முதலில் பேசிவிடுகிறேன். நீங்கள் முற்ற விடவில்லை. அறிக்கையில் இருப்பது கிரேடு 4. அது ஸ்டேஜ் 4 அல்ல. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. மூளைக்கட்டிக்குப் போடும் கிரேடு, கட்டியின் குணம் எவ்வளவு மூர்க்கமானது என்பதைச் சொல்வது. இந்தக் கட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக முற்றி நாலுக்கு வருவதில்லை. உருவாகும்போதே இதன் தரம் நாலுதான். சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அறுவை சிகிச்சையின்போது பிள்ளை இன்னும் கொஞ்சம் தெம்பாக இருந்திருப்பாள். நோயின் பெயரோ குணமோ மாறியிருக்காது. பல் முளைக்கிறது, பூச்சி, செரிமானக் கோளாறு என்று வாந்திக்கு மருந்து வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்துவிட்டு வரும் பிள்ளைகளை, படித்தவர்கள் வீட்டிலிருந்தும் வருவதை, நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு அந்த மருந்தை எழுதிக்கொடுத்தவர்கள் டாக்டர்கள்தான்.

இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காலை வாந்தி, சாய்ந்த தலை, கற்ற நடையை மறப்பது, வேகமாகப் பெரிதாகும் தலை, கீழ்நோக்கியே நிற்கும் கண்கள்: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் உரம் எடுப்பவரிடம் போகாதீர்கள். கழுத்தைத் திருப்பி நீவுவது இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்தாகவே முடியலாம்.

அத்தை மகனைக் கட்டியதாலும் இது வரவில்லை. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்கள் கூடும் என்பது உண்மை. தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்து பிள்ளையிடம் சேரும்போது வருபவை அவை. இந்தக் கட்டி அந்த வகை அல்ல. செல்கள் கட்டுப்பாட்டோடு வளர உதவும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்குத்தான் ஐ.என்.ஐ.1 என்று பெயர். அதை உண்டாக்கும் மரபணு 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது கெட்டுப்போனதால் வந்த நோய் இது. பெரும்பாலும் கட்டியின் செல்களுக்குள்ளேயே புதிதாக ஏற்படும் பழுது. செல்போன் டவர், கிரகணம், நீங்கள் சாப்பிட்ட மீன் எதுவும் காரணமில்லை.

‘பத்துக்கு மூணு’

இந்தக் கட்டியைத் தனி நோயாகத் தெளிவாக வரையறுத்து லூசி ரோர்க் குழுவினர் எழுதியது 1996இல். மரபணுவைக் கண்டுபிடித்தது 1998இல். அதற்கு முன் இதை வேறொரு சிறுமூளைக் கட்டி என்று நினைத்து அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். இன்றும் இணையத்தில் தேடினால் அந்தக் காலத்துக் கணக்குகள்தான் முதலில் வந்து பயமுறுத்தும்.

இதற்கென்றே வகுத்த சிகிச்சை வந்த பிறகு நிலைமை மாறியது. அமெரிக்காவில் 65 குழந்தைகளுக்கு அறுவை, கடும் கீமோ, ஸ்டெம் செல், கதிர்வீச்சு எல்லாம் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. நான்கு ஆண்டு முடிவில் 100க்கு 43 பேர் உயிரோடு இருந்தார்கள். ஐரோப்பாவில் 143 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பதிவேட்டின்படி, ஐந்து ஆண்டு முடிவில் 100க்கு ஏறத்தாழ 35 பேர். உங்கள் மருத்துவர் சொன்ன ‘மூணு நாலு’ இங்கிருந்து வந்ததுதான். அவர் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நீங்கள் இதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறாகிவிட்டது. நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்பது பிள்ளைக்கு எழுதிவைத்த ஆயுள் அல்ல; ஆய்வு செய்தவர்கள் எண்ணிப் பார்த்த நாள், அவ்வளவுதான். இந்த நோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். அதைத் தாண்டி ஸ்கேன் சுத்தமாக இருக்கும் பிள்ளைகளில் பலர் பள்ளிக்குப் போகிறார்கள், வளர்கிறார்கள். ஆக, நாலு வருடத்துக்காகப் படும் சித்திரவதை அல்ல இது. பத்தில் ஆறு, ஏழு பிள்ளைகள் அவ்வளவும் பட்டும் பிழைக்க மாட்டார்கள் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. மருந்தின் கடுமையிலேயே இறந்த பிள்ளைகளும் உண்டு.

உங்கள் மகள் எந்தப் பக்கம்? ஒரு வயதைத் தாண்டியிருக்கிறாள். முதுகுத்தண்டில் பரவல் இல்லை. இரண்டும் சாதகம். கட்டி கொஞ்சம் மிச்சமிருப்பது பாதகம். ஒரு வயதுக்குள் வருபவர்கள், முதல் ஸ்கேனிலேயே பரவியிருப்பவர்கள், பிறவியிலேயே ரத்தத்தில் அந்தப் பழுது உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் கணக்கு இன்னும் மோசமாக இருக்கிறது. மூன்றாவது விஷயம் உங்கள் மகளுக்கு இன்னும் சோதிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

இரண்டு மாதக் கணக்கு

“ஒரு வருடச் சிகிச்சைக்குச் சம்மதமா, இல்லை வீட்டுக்குக் கொண்டுபோகிறோமா” என்று இரண்டே வழியாக வைத்துக்கொண்டு வீடே மோதிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு முடிவை யாரும் இப்போது கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

இந்தச் சிகிச்சை படிப்படியாகப் போவது. முதலில், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வீதம் இரண்டு சுற்றுக் கீமோ. அது முடிந்ததும் எம்.ஆர்.ஐ. மிச்சக் கட்டி சுருங்கியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, வளர்ந்துவிட்டதா என்று அப்போது தெரிந்துவிடும். சுருங்கியிருந்தால் அடுத்த படி: அதிக அளவு கீமோவும் ஸ்டெம் செல்லும். மிச்சத்தை மறுபடி அறுத்து எடுக்க முடியுமா என்றும் பார்ப்பார்கள். கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைப்பது, அதற்கும் பிறகு வரும் பேச்சு. வளர்ந்துவிட்டிருந்தால் அப்போது வேறு பேச்சு. ஆக, இன்றைக்கு நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு இரண்டு மாதத்துக்கு மட்டும்தான். ஸ்கேன் வந்த பிறகு மறுபடி உட்கார்ந்து பேசலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அப்போதும் உங்களுக்கு இருக்கும். இப்போது கையெழுத்துப் போட்டதால் அது போய்விடாது.

தள்ளிப்போடுவதற்கு மட்டும் இடமில்லை. அறுவை முடிந்து பொதுவாக மூன்று, நான்கு வாரத்துக்குள் கீமோ தொடங்கிவிட வேண்டும். மிச்சக் கட்டி சும்மா இருக்காது. நாற்பது நாள் ஏர்வாடியில் இருந்துவிட்டு வந்து தொடங்கலாம் என்பது நடுவழிபோலத் தோன்றும். என் கணிப்பில் நாலு யோசனைகளிலும் மோசமானது அதுதான். என் கருத்தைக் கேட்டால், இந்தப் பிள்ளைக்கு முதல் இரண்டு சுற்றைத் தொடங்கிவிடுவேன். பரவல் இல்லாத, ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் விடக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணவர் கரையில் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். சம்மதப் படிவத்தில் தாயின் கையெழுத்தை மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரைக் கையோடு கூட்டிப்போங்கள். “நீ என்ன சொல்றியோ அதுதான்” என்பது பாசமாக இருக்கலாம். பாரம் முழுவதும் உங்கள் தலையில்தான் இறங்குகிறது. அந்த ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் பரவாயில்லை.

ஸ்டெம் செல் விஷயத்தில் மூத்தவனைப் பற்றிய பயம் வேண்டாம். அவன் உடம்பிலிருந்து எதையும் எடுக்க மாட்டார்கள். வெள்ளத்துக்கு முன் விதைநெல்லை எடுத்துப் பத்திரப்படுத்துவதுபோல, உங்கள் மகளின் சொந்த ரத்த மூலச் செல்களையே முன்கூட்டி எடுத்து உறையவைத்து, கடும் மருந்து அவள் மஜ்ஜையை அழித்த பிறகு திருப்பி ஏற்றுவார்கள்.

அறுவைக்குப் பிறகு “ம்மா” என்றுகூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுமூளை அறுவைக்குப் பின் சில குழந்தைகளுக்குப் பேச்சு அப்படியே நின்றுபோவது உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் திரும்பி வரும். கொஞ்சம் குழறல், தள்ளாட்டம் மிஞ்சலாம். அவள் பதில் சொல்லாவிட்டாலும் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள்; பிசியோதெரபியை இப்போதே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

தீவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

கீமோ ஏறிய பிள்ளைக்கு ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல்தான் உயிரைக் குடிப்பது. 100.4 டிகிரி ஒரே தடவை காட்டினாலும் அது அவசரம். காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டி ராமநாதபுரம் வர ஒரு மணி நேரம். அங்கிருந்து மதுரை இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்கு உதவாது.

அதனால் முதல் இரண்டு மாதம் மதுரையிலேயே, மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஒரு அறை பாருங்கள். ஊருக்கு வந்தே ஆக வேண்டிய நாட்களுக்கு உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர், கடைசிக் கீமோ தேதி, பிள்ளையின் எடை, காய்ச்சல் வந்தால் போட வேண்டிய ஊசியும் அளவும், அழைக்க வேண்டிய எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தத் தாளை நீட்டினால், இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயைப் பார்த்தே இராவிட்டாலும் ஊசியைப் போட்டுவிட முடியும். அதன் பிறகு மதுரைக்கு அனுப்பட்டும். காய்ச்சல் இல்லாமலே வாந்தியும் அரைத்தூக்கமும் வந்தால், தலையில் வைத்த குழாய் அடைத்திருக்கலாம். அதற்கும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

மீன் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த விளைமீனோ பாறையோ, நன்றாக வேகவைத்து, முள் எடுத்துச் சுடச்சுடக் கொடுத்தால் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பழையதும் கருவாடும் திறந்த கடைப் பண்டமும்தான் வேண்டாம். நெஞ்சில் கீமோ குழாய் இருக்கும் வரை கடலில் இறக்கக் கூடாது. மூத்தவன் பள்ளியில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

கரண்ட் வைத்த பிள்ளையை நீங்கள் தாராளமாகத் தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் பிள்ளையின் உடம்பில் தங்குவதில்லை. கதிர் பாய்ச்சும் அறைக்குள்ளும் சி.டி. ஸ்கேன் அறைக்குள்ளும் மட்டும் நீங்கள் உடன் நிற்கக் கூடாது. உண்மையில் கவனிக்க வேண்டியது, யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று. கீமோ ஏறிய பிறகு குறைந்தது இரண்டு நாளைக்குப் பிள்ளையின் மூத்திரம், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். அந்த நாட்களில் துணி மாற்றுவதும் அலசுவதும் நீங்கள் செய்யக் கூடாது. அந்த வேலையை உங்கள் அத்தையிடம் கொடுங்கள், கையுறையோடு. பேத்தியைக் காப்பாற்ற என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவர் கோபப்படுகிறார். ஒரு வேலை கையில் கிடைத்தால் பாதிச் சண்டை குறையும்.

வயிற்றில் இருப்பதற்கும் வருமா என்ற கேள்விக்கு விடை உங்கள் மகளின் ரத்தத்தில் இருக்கிறது. இந்தக் கட்டி வந்த குழந்தைகளில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, மரபணுப் பழுது கட்டியில் மட்டுமில்லாமல் பிறவியிலேயே உடம்பு முழுவதும் இருக்கும். அப்படி இல்லை என்று பரிசோதனை சொல்லிவிட்டால், அடுத்த குழந்தைக்கு வர ஊரில் எல்லாருக்கும் உள்ள அதே மிகச் சிறிய வாய்ப்புதான். இருக்கிறது என்றால் உங்களையும் கணவரையும் மூத்தவனையும் சோதிப்பார்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். அப்போதும் அடுத்த குழந்தைக்குச் சிறு வாய்ப்பு மிச்சமிருப்பதால், கர்ப்பத்திலேயே சோதித்துப் பார்ப்பது உண்டு. நஞ்சுத் திசுவை 11 முதல் 13 வாரத்திலோ, பனிக்குட நீரை 15 வாரத்துக்குப் பிறகோ எடுப்பார்கள். மகளின் ரத்த முடிவு வரவே சில வாரம் ஆகும். நீங்கள் இரண்டு மாதம் என்பதால் இந்த வாரமே ரத்தத்தை அனுப்பச் சொல்லுங்கள். முடிவு கெட்டதாக வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. சோதனை செய்ததாலேயே எதையும் செய்தாக வேண்டும் என்றில்லை.

படகு, கஷாயம், நேர்த்திக்கடன்

கொழுந்தனின் பாசத்தை மதிக்கிறேன், கணக்கை ஏற்கவில்லை. சென்னையில் 2019 முதல் புரோட்டான் கதிர்வீச்சு இருக்கிறது. சுற்றியுள்ள நல்ல மூளைக்குக் கதிர் சிதறுவதை அது குறைக்கும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது அற்ப விஷயமல்ல. ஆனால் கட்டியை அழிப்பதில் சாதாரண நவீனக் கதிர்வீச்சைவிடக் கூடுதல் வெற்றி அதற்கு இருப்பதாக நிரூபணமில்லை. தவிர, கதிர்வீச்சுப் பேச்சே இப்போது வரவில்லை. இன்றைக்குப் படகை விற்றால், சிகிச்சையின் பாதியில் பணமும் இருக்காது, வருமானமும் இருக்காது. சிகிச்சையை நடுவில் கைவிடும் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கைவிடுகின்றன. படகு இருக்கட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் எடுக்கலாம். எந்தெந்தப் படிக்கு எவ்வளவு கிடைக்கும், ஸ்டெம் செல்லுக்கு என்ன வழி என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டிக் கேளுங்கள். பிரதமர் நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணமில்லை, உடன் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனைச் சான்று வேண்டும். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க விரும்பினால், அறிக்கைகளின் நகலும் ஸ்கேன் சிடியும் திசு பிளாக்கும் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, வேலூர் சி.எம்.சி.யோ, ஜிப்மரோ, காகிதங்களோடு ஒருவர் போய் வந்தால் போதும். பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம். சென்னையில் தொடர்வதாக ஆனால், சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா மையத்தைப் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

நித்தியகல்யாணியைச் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. உங்கள் ஊர் மணலில் தானாக முளைக்கும் அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து வருகிறது. உங்கள் மகளுக்குப் போடப்போகும் மருந்துகளில் அது அநேகமாக இருக்கும். ஆனால் ஒன்பது கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அது அரை மில்லிகிராமை ஒட்டித்தான், அதுவும் நரம்பு வழியாக. கொஞ்சம் கூடினாலே குடல் இயக்கம் நின்றுபோகும், காலில் பலம் போகும். கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சுபவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊசியும் போட்டுக் கஷாயமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பஸ்பம், செந்தூரமும் வேண்டாம்.

ஏர்வாடிக்கு நேர்ந்துகொள்ளுங்கள். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அத்தை போய் வந்து தலையில் கை வைத்து ஓதட்டும். அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளையைக் கூட்டத்தில் தங்கவைப்பதும், வெளித் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதும்தான் கூடாது.

வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தால்

இரண்டு சுற்று முடிந்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தால், அல்லது முதுகுத்தண்டில் இறங்கியிருந்தால், குணப்படுத்தும் நோக்கத்தோடு மேலும் கடும் மருந்து கொடுப்பதால் பெரும்பாலும் பலனில்லை. அப்போது நிறுத்துவது பாவமல்ல, கைவிடுவதுமல்ல. வலிக்கு மார்பின், தலைவலியும் வாந்தியும் குறைய ஸ்டீராய்டு, குழாய் அடைத்தால் சரிசெய்வது எல்லாம் தொடரும். சிகிச்சையை மறுத்தவர்கள் என்று யாரும் அவற்றைத் தராமல் இருக்க முடியாது. வலி நிவாரண மருத்துவக் குழுவை இப்போதே, கீமோ நடக்கும்போதே, சந்தித்துவிடுங்கள். அவர்களைப் பார்ப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது என்று நினைக்க வேண்டாம். கீமோவின் வாந்திக்கும் வாய்ப்புண்ணுக்கும் அவர்களிடம்தான் நல்ல மருந்து இருக்கிறது. ஊரில் இருக்கும் நாட்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சேவை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் புற்றுச் செல் இருக்கிறதா? சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா? (இதே பழுதால் அங்கும் கட்டி வரலாம்.) சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைத் தொடங்கும் முன் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பீர்களா? மகளின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு எப்போது அனுப்புகிறீர்கள்? நாலையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பதிலையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்த அமளியில் உங்களுக்கு இன்னும் ஒரு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. கிராம செவிலியரிடம் சொல்லி, கர்ப்பத்தைப் பதிந்ததற்கான பிக்மி எண்ணை வாங்குங்கள். போலிக் ஆசிட் மாத்திரையை இன்றைக்கே தொடங்குங்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று சுறாப்புட்டு அவித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுறாவில் பாதரசம் அதிகம், சின்ன மீன்கள் போதும். மதுரையில் தங்கும் மாதங்களில் உங்கள் பரிசோதனையையும் அங்கேயே தொடர, தாய் சேய் நல அட்டையை மகளின் அறிக்கைகளோடு ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.